பால் கறந்த கௌபாய்

ரூஃபஸ் டாபின் டிரை ஃபோர்க் ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கே, இவன் உருப்படமாட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் செய்த குற்றம், காலில் கயிறு கட்டும் ஷூ போட்டிருந்ததுதான். அரிசோனாவில் மாடு ஓட்ட வருகிறவன் குதிகால் உயர்ந்த பூட்ஸோடு வருவான். தோளில் சொந்தச் சேணம் கிடக்கும். பட்டினி கிடந்தாலும் சேணத்தை விற்கமாட்டான். ரூஃபஸின் தோளில் கிடந்தது ஒரு கோணிப்பை. சரக்கு ரயிலிலிருந்து குதித்ததில் முழங்கால் வேறு கிழிந்திருந்தது.

"என்ன தம்பி, பிரசங்கம் பண்ண வந்தியா, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த வந்தியா?" என்று கேட்டான் க்ளீட்டஸ். பண்ணை ஆட்களில் வாய் நீளம் அவனுக்குத்தான்.

"வேலை கேட்டு வந்தேன்."

"எது, ஷூவுக்கு பாலிஷ் போடுற வேலையா?"

பண்ணை ஆட்கள் தங்கும் கொட்டகையே சிரித்தது. ரூஃபஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கேட்டவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றான். அவன் அப்படிப் பார்த்துவிட்டு நின்றால் ஆள் வைத்துத் தள்ளினாலும் நகரமாட்டான் என்று எங்கள் ஊருக்குப் புரிய நாளாயிற்று.

பண்ணைக்கு முதலாளி கிழக்கே ஏதோ பட்டணத்தில் இருந்தார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆட்களுக்கு மேஸ்திரி மாபரிதான் எல்லாம். நெட்டையான மனுஷர், நரைத்த மீசை, வாயிலிருந்து சொல் உதிர்வதே அபூர்வம். ஆள் பற்றாக்குறை இருந்த வசந்த காலம் அது. ரூஃபஸுக்கு வேலி பார்க்கும் வேலையைக் கொடுத்தார். அறுந்த முள்கம்பியை முறுக்கி முடிச்சுப் போட்டபடி ஒரு கிழட்டுக் குதிரையில் நாள் முழுக்கத் தனியாகத் திரிய வேண்டும். எவனுக்கும் பிடிக்காத வேலை. ரூஃபஸுக்குப் பிடித்திருந்தது, பேச ஆள் வராது என்பதால்.

அவன் விஸ்கான்சின்காரன். அப்பாவிடம் ஒரு தொழுவம் நிறையக் கறவை மாடுகள் இருந்தன. நடக்கத் தெரிந்ததிலிருந்து பால் கறந்தவன். ஒரு வருஷம் மாடுகளுக்குக் காசநோய் என்று பரிசோதித்துச் சொன்னார்கள். மொத்தத்தையும் சுட்டுப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொன்றாகக் கயிறு பிடித்துக் குழிவரை கூட்டிக்கொண்டு போனவன் ரூஃபஸ். வேறு யார் கூப்பிட்டாலும் அவை வந்திருக்காது. அவன் கூப்பிட்டதால் வந்தன. அப்பா அதன் பிறகு அதிக காலம் இல்லை. ரூஃபஸ் வீட்டைப் பூட்டிவிட்டு ரயிலேறினான், எந்த ஊரிலும் வேர் விடவில்லை. இந்தக் கதையை அவன் எங்கள் ஊரில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னான். பண்ணைச் சமையல்காரர், எல்லைக்குத் தெற்கே சொனோராவிலிருந்து வந்த எவாரிஸ்தோ.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு கிறுக்கைச் சொல்லியாக வேண்டும். நாலாயிரம் மாடு நிற்கும் பண்ணையில் காப்பிக்கு ஊற்றுவது டின் பால். கேட்டால் வெட்கப்படவும் மாட்டார்கள். குதிரை முதுகில் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை எதுவும் வேலையே இல்லை என்பது இவர்கள் கொள்கை. அதிலும் பால் கறப்பது இருக்கிறதே, அது பெண்பிள்ளைகள் வேலை, குடியானவன் வேலை. மடியைத் தொட்ட கையோடு எவனும் இவர்கள் மேஜையில் உட்கார முடியாது. கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிறைக்குப் போய் வந்தவன்கூட அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

அந்தப் பசுவை ரூஃபஸ் கருவேலங்காட்டுக்குள் கண்டுபிடித்தான். சிவப்புப் பசு, ஒரு கொம்பு காதை நோக்கி வளைந்திருந்தது. கஷ்டப்பட்டுக் கன்று போட்டிருக்கிறது, கன்றை ஓநாய் தூக்கிவிட்டது. மடி கட்டிப்போய்க் கல்லாக இருந்தது. பின்னங்காலை அகட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் காட்டு மாடு எதுவும் தரையில் நிற்கும் மனிதனைப் பார்த்தால் முட்டத்தான் வரும். இது வரவில்லை. நொடித்துப்போன ஒரு குடியானவன் வீட்டிலிருந்து பண்ணை வாங்கிய மாடு, மனிதக் கைக்குப் பழகியது.

ரூஃபஸ் குதிரையிலிருந்து இறங்கினான். நாலு பக்கமும் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோ அம்மணி" என்று சொல்லிவிட்டுக் காம்பில் கை வைத்தான். முதலில் ரத்தம் கலந்து வந்தது, பிறகு கட்டிகட்டியாக, கடைசியில் வெள்ளையாக. அத்தனையையும் மண்ணில் பீய்ச்சினான். பசு நீளமாக ஒரு மூச்சு விட்டது. ரூஃபஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் ஊராக அலைந்த அத்தனை வருஷத்தில் தன்னால் ஒரு ஜீவனுக்கு ஆறுதல் என்று அவன் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அவன் வேலிக்குப் போனபோது பசு காத்துக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாளும். அப்புறம் அவன் குதிரைக்குப் பின்னாலேயே வர ஆரம்பித்தது. அம்மணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. 'அது' என்று யாராவது சொன்னால் ரூஃபஸுக்கு முகம் சுருங்கும், ஆகவே அவள் என்றே சொல்லிவிடலாம்.

ஒரு நாள் அவள் கொட்டகைவரை வந்துவிட்டாள். ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். ரூஃபஸின் சட்டைக் கையை நக்கினாள். சட்டைக் கையில் பால் காய்ந்த கறை இருந்தது. க்ளீட்டஸுக்கு அவ்வளவு போதும்.

"ஐயோ, நம்ம ரூஃபஸ் பால்காரியாடா! நாம ஆம்பளைன்னு நெனச்சு கட்டில் குடுத்துட்டோமே!"

அன்று சாயங்காலம் அவன் கட்டிலில் ஒரு முக்காலியும் ஒரு பூப்போட்ட ஏப்ரனும் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணைவரை செய்தி போய்விட்டது. அங்கிருந்து வந்த ஆட்கள் மாபரியிடமே, "என்ன மேஸ்திரி, வெண்ணெய் எப்போ விக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மாபரியின் மீசை துடித்தது.

"அந்த மாட்டை விட்டுரு டாபின்" என்றார்.

"முடியாது மேஸ்திரி. மடி கட்டிக்கும்."

"கட்டட்டும். ரெண்டு வாரத்துல வத்திரும்."

"வத்துனா?"

மாபரி திரும்பி நடந்தார். வற்றினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். குளிர் தொடங்குமுன் மாடுகளை எல்லாம் ரயிலடிப் பட்டியில் கொண்டுவந்து அடைப்பார்கள். மேஸ்திரி குதிரைமேல் வாசலில் நிற்பார். ஒவ்வொரு பசுவும் வரும்போது மடியைப் பார்ப்பார். மடியில் பால் இருந்தால் "கறவை" என்று குரல் கொடுப்பார், அது மேய்ச்சலுக்குத் திரும்பும். பால் இல்லை என்றால் "வறட்டு", அது ரயிலேறும், கசாப்புக்கு. கறவையைத் தப்பித் தவறி ஏற்றிவிட்டால் அதன் கன்று காட்டில் பசியோடு செத்துப்போகும். அப்படி ஏற்றிய ஆட்களை மாபரி அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பியிருக்கிறார். அந்த விஷயத்தில் ஊரில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

அம்மணி இனி கன்று போடமாட்டாள் என்று எவாரிஸ்தோ சொல்லிவிட்டார். அந்தப் பிரசவம் அவளை உள்ளே கிழித்திருந்தது. அப்படியானால் ரூஃபஸின் கை அவள் மடியில் இருக்கும்வரைதான் அவளுக்கு உயிர். கை நின்றால் பால் நிற்கும். பால் நின்றால் ரயில்.

மறுநாள் காலை ரூஃபஸ் ஒளியவில்லை. கொட்டகை வாசலில், எல்லோரும் முகம் கழுவும் இடத்தில், அவர்கள் கேலிக்கு வைத்த முக்காலியையே போட்டு உட்கார்ந்தான். அந்தப் பூப்போட்ட ஏப்ரனையும் கட்டிக்கொண்டான். வாளி நிறையக் கறந்து, நுரை ததும்பச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். தன் காப்பியில் ஊற்றினான். உறிஞ்சிக் குடித்தான்.

"யாருக்காவது வேணுமா?"

ஒரு கையும் நீளவில்லை. எவாரிஸ்தோ மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு குவளையோடு வந்தார். முழுசாகக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"எங்க ஊர்ல மாட்டுக்காரன் பால் குடிப்பான், பாலாடைக்கட்டி திம்பான். இங்க நாலாயிரம் மாட்டை வெச்சுக்கிட்டு டின்னைத் தொறக்குறானுங்க. இதுல வீராப்பு வேற. ஊத்து தம்பி இன்னொன்னு."

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கலிஃபோர்னியாவிலிருந்து படக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பேசாத படம். பெர்ஸி லண்ட் என்ற சிரிப்பு நடிகர், அவரே படத்துக்கு எஜமானர். கதை என்னவென்றால், ஊரில்லாத உறவில்லாத ஒருவன் மேற்கே வந்து ஒரு பசுவோடு சிநேகமாகிறான். பசுவை ரயிலேற்றும்போது அழுகிறான், காப்பாற்றுகிறான், சுபம். கதையைக் கேட்டு எவாரிஸ்தோ, "இதை எழுதினவன் நம்ம ஜன்னல் வழியா எட்டிப் பாத்தானா?" என்று கேட்டார்.

லண்ட் திரையில் ஆளை உருட்டி உருட்டிச் சிரிக்க வைப்பவர். நேரில் வயிற்றெரிச்சல் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டு எல்லோர் மேலும் எரிந்துவிழும் மனிதர். கூடவே ரயிலில் கொண்டுவந்த பழக்கிய பசு எங்கள் ஊர் வெயிலில் இரண்டாம் நாளே படுத்துவிட்டது. காட்டு மாடுகளிடம் போனால் முட்டின. கடைசியில் மாபரிக்குச் சம்மதமோ இல்லையோ, முதலாளிக்குத் தந்தி போய், அம்மணியை வாடகைக்கு எடுத்தார்கள்.

அவள் லண்டோடு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சர்க்கரை காட்டினார்கள், முள் கரண்டியால் குத்தினார்கள். குத்தியவன் கையிலிருந்த கரண்டியை ரூஃபஸ் பிடுங்கிக் கிணற்றில் போட்டான். பிறகு லண்டின் கிழிந்த கோட்டையும் தட்டைத் தொப்பியையும் ரூஃபஸுக்குப் போட்டுவிட்டு, முதுகுப்பக்கமிருந்து எடுத்தார்கள். காமிராக்காரன் கைப்பிடியைச் சுற்றினான். ரூஃபஸ் நடந்தான், அம்மணி பின்னால் நடந்தாள். ரயிலடியில் சாய்வுப் பலகையில் அவளை ஏற்றி வேகன் கதவை மூடும் காட்சியும் எடுத்தார்கள். கதவு மூடியதும் அவன் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அது நடிப்பில்லை. "பிரமாதம், பிரமாதம்!" என்று கத்தினார் லண்ட்.

"தம்பி, கவலைப்படாதே" என்று அன்று ரூஃபஸின் கையைப் பிடித்துச் சொன்னார். "படம் முடிஞ்சதும் இவளை நானே வாங்கிக்கிறேன். என் தோட்டத்துல புல்லு மேஞ்சுகிட்டு நிம்மதியா இருப்பா. சத்தியம்."

படம் முடிந்தது. பெட்டி படுக்கையோடு படக்காரர்கள் ரயிலடியில் நிற்கும்போது ரூஃபஸ் அம்மணியைக் கயிறு பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். லண்ட் அவனை யாரோ எவரோ மாதிரி பார்த்தார்.

"என்ன இது?"

"வாங்கிக்கிறேன்னு சொன்னீங்களே."

"அட, அங்க மாடே கெடைக்காதாப்பா? நல்ல ஆளுப்பா நீ!" சிரித்துக்கொண்டே பெட்டியில் ஏறிவிட்டார். ரயில் போயே விட்டது.

ரூஃபஸ் அம்மணியோடு திரும்பி வந்தபோது மாபரி கொட்டகை வாசலில் கணக்குத் தீர்த்த காசோடு நின்றார். இதற்குள் க்ளீட்டஸே யாரும் பார்க்காதபோது அடுப்படியில் பால் காப்பி குடிப்பது அவர் காதுக்குப் போயிருந்தது. அவருடைய பண்ணை பால் பண்ணையாகிக்கொண்டிருந்தது.

"உன் வேலை முடிஞ்சுது டாபின். வேலிக்கு வெளிய போ. உள்ள கால் வெச்சா ஷெரிஃப் வருவார்."

"அவளை வத்த வெச்சு ஏத்தணும்னு பாக்குறீங்க."

"என் பண்ணை மாட்டை நான் எதுவும் செய்வேன்."

"செஞ்சு பாருங்க" என்றான் ரூஃபஸ்.

பண்ணை வேலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ரயில்வேயின் தரிசுத் துண்டு ஒன்று உண்டு. தூக்கி எறிந்த ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டான். தண்டவாளம் பார்க்கும் ஆட்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள், அவர்களுக்கும் பால் கிடைத்தது. தினமும் விடிந்ததும் கம்பிக்கு வெளியே நின்று, "அம்மணி!" என்று கூப்பிடுவான். அவள் எங்கிருந்தாலும் வந்து கம்பியோடு ஒட்டி நிற்பாள். இரண்டு கம்பிக்கு நடுவே கையை விட்டுக் கறப்பான். வாளி வெளியே, மாடு உள்ளே. கால் உள்ளே வைக்கவில்லை, ஷெரிஃப் வந்து பார்த்துவிட்டு, "கையைப் பத்தி எனக்கு உத்தரவில்லை" என்று ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மாபரி அவளைத் தூரத்து மேய்ச்சலுக்குத் துரத்தினார். ரூஃபஸ் வேலி ஓரமாகவே அரை நாள் நடந்து அங்கே போய் நின்றான். முள் குத்தி முழங்கை இரண்டும் புண். போகிற வருகிற ஆட்கள் குதிரைமேல் இருந்தபடி கேட்டார்கள்.

"ஏம்பா, ஒரு மாட்டுக்காக இப்படிச் சாகணுமா? ஊரு பூரா மாடு கெடக்கு."

"ஊரு பூரா வேலையும் கெடக்கு. நீ ஏன் இங்கயே கெடக்குறே?" என்பான்.

தூரம் அதிகமானதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கறக்க முடிந்தது. பால் குறைந்துகொண்டே வந்தது. வாளியில் பாதி, கால், பிறகு அடியை நனைக்கும் அளவு. குளிரும் நெருங்கிவிட்டது. ரூஃபஸுக்குத் தூக்கம் போய்விட்டது.

மாட்டு ரயிலுக்கு நாள் குறித்த வாரத்தில்தான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது. இங்கே எடுத்த படம் என்பதால் சீக்கிரமே அனுப்பியிருந்தார்கள். தேவாலயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, பியானோ வைத்து, ஊரே திரண்டுவிட்டது. பண்ணை ஆட்கள் எண்ணெய் தடவி வாரிய தலையோடு முன்வரிசையில். மாபரியும் வந்திருந்தார். ரூஃபஸ் பின்சுவரோரம் நின்றான்.

லண்ட் விழுந்தார், எழுந்தார், கழுதை உதைத்தது, ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. பிறகு அந்த ரயில் காட்சி. வேகன் கதவு மூடியது. தொப்பி போட்ட முதுகு ஒன்று பலகையில் உட்கார்ந்து குலுங்கியது. 'அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்' என்று எழுத்து வந்தது. பியானோ மெல்ல இழுத்தது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். க்ளீட்டஸ் மூக்கைச் சிந்தினான். ஒரு பசுவுக்காக டிரை ஃபோர்க் ஊர் கேவிக் கேவி அழுதது.

ரூஃபஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. விறுவிறுவென்று நடந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றான். படம் அவன் முகத்திலும் சட்டையிலும் ஓடியது. பியானோ நின்றது.

"நல்லா அழுறீங்களே! அந்த முதுகு என்னுது. அந்த மாடு அம்மணி. அன்னைக்கு என் கட்டில்ல ஏப்ரன் வெச்சுச் சிரிச்சீங்க, இன்னைக்குக் காசு குடுத்து அழுறீங்க. வெக்கமா இல்ல? இது துணியில ஓடுற பொய். சனிக்கிழமை அவளை நிஜமாவே ஏத்தப் போறாங்க. கண்ணீர் மிச்சம் இருந்தா ரயிலடிக்கு வாங்க!"

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். படத்தின் முடிவை அவன் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் மனசு ஒட்டவில்லை.

சனிக்கிழமை ரயிலடிப் பட்டியைச் சுற்றிக் கூட்டம். தபால் ஆபீஸ் ஆடிங் அம்மாள், ரொட்டிக்கடைக்காரர், பாதிரியார், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேலியை ஒட்டி நின்றார்கள். மாடு பிரிப்பதைப் பார்க்க எங்கள் ஊரில் இதற்கு முன் ஒருவரும் வந்ததில்லை. மாபரி குதிரைமேல் வாசலில் நின்றார். கூட்டத்தைப் பார்க்காத மாதிரி குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கறவை. கறவை. வறட்டு. ஆட்கள் கதவை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பினார்கள்.

அம்மணி வந்தாள். அவள் கண் கூட்டத்தில் ரூஃபஸைத் தேடியது. மடி தொங்கிச் சுருங்கிக் கிடந்தது. மாபரி ஒரு பார்வை பார்த்தார்.

"வறட்டு!"

"கறவை!"

கத்தியது ரூஃபஸ். வேலிக்கு வெளியிலிருந்து. பட்டி வாசலில் மேஸ்திரி குரல் தவிர இன்னொரு குரல் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. கதவைப் பிடித்திருந்த க்ளீட்டஸ் எந்தப்பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றான். அந்த மடிக்குள் பால் இருக்கிறதா என்று ரூஃபஸுக்கே நிச்சயமில்லை. மாடுகளைப் பட்டிக்கு ஓட்ட ஆரம்பித்ததால், கடைசியாகக் கறந்து மூன்று நாளாகியிருந்தது. ஆனாலும் கத்தினான்.

"டாபின், உள்ள கால் வெச்சே..."

"வைக்கல மேஸ்திரி. நீங்கதான் உள்ள இருக்கீங்க. தொட்டுப் பாருங்க. சொட்டு வரலேன்னா நானே கயிறு பிடிச்சு ஏத்தி விடுறேன்."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. எதற்கு உடைந்தது என்று எவாரிஸ்தோவுக்கு மட்டும் தெரியும்.

"தொட்டுத்தான் பாருங்களேன் மாபரி" என்றார் ஆடிங் அம்மாள். "கறவையை ஏத்தமாட்டீங்கன்னுதானே ஊருல பேரு?"

மாபரி க்ளீட்டஸைப் பார்த்தார். "எறங்கிப் பாரு."

"எனக்குக் கறக்கத் தெரியாதே மேஸ்திரி."

அடுத்தவனைப் பார்த்தார். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் மடியைத் தொட எவன் வருவான்? கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாபரி கெட்ட வார்த்தை ஒன்றை மென்று விழுங்கிவிட்டுக் குதிரையிலிருந்து இறங்கினார். ரூஃபஸ் வேலிக்கு மேலே வாளியை நீட்டினான். பிடுங்கிக்கொண்டு போனார்.

ஒன்றும் தெரியாதவன் காம்பைப் பிடித்து இழுப்பான், பால் வராது. மாபரியும் இழுத்துவிட்டு, "பாத்தீங்களா, வறட்டு" என்று சொல்லியிருக்கலாம். ஊர் நம்பியிருக்கும். அதற்காகத்தான் இறங்கினார் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கை கேட்கவில்லை. கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை உரசிச் சூடாக்கிக்கொண்டார். கன்று முட்டுவது போல் மடியை இரண்டு முறை மேல்நோக்கித் தட்டினார். முழங்காலில் வாளியை இடுக்கிக்கொண்டு, அவள் விலாவில் நெற்றியைச் சாய்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேலே மூடின, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

ஒன்றும் வரவில்லை. மறுபடியும். மறுபடியும். ரூஃபஸ் பட்டி வேலியின் முள்கம்பியைப் பிடித்திருந்தான், உள்ளங்கையில் ரத்தம் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அம்மணி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள், ஒரு மூச்சு விட்டாள். வாளியின் அடியில் டங்கென்று ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு சர், சர் என்று தாளம் பிசகாமல் விழ ஆரம்பித்தது. பால் வந்ததும் எழுந்திருக்கலாம். மாபரி எழுந்திருக்கவில்லை. நெற்றியை விலாவிலிருந்து எடுக்கவும் இல்லை. குதிரையிலேயே பிறந்தவர் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு கறந்துகொண்டிருந்தார்.

ரூஃபஸ் உரக்கச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தான்.

"அப்படிப் போடுங்க மேஸ்திரி! யாரு கத்துக்குடுத்தா?"

மாபரியின் விரல்கள் நிற்கவில்லை.

"எங்கம்மா" என்றார் மாபரி, தலையைத் தூக்காமல். "ஒஹையோல. விடியறதுக்கு முன்ன எழுப்பி விட்டுருவா."

எழுந்து கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். எல்லார் காதிலும் விழும்படி, "கறவை!" என்றார். க்ளீட்டஸ் கதவை மேய்ச்சல் பக்கம் திருப்பினான். பெண்கள் கைதட்டினார்கள். வறட்டு மாடுகளோடு நின்ற ரயில் ஒரு மாடு குறைவாகவே போக வேண்டியதாயிற்று.

"டாபின்" என்று கூப்பிட்டார் மாபரி. "திங்கக்கிழமை வேலைக்கு வா."

"வரமாட்டேன் மேஸ்திரி."

"என்னடா சொல்றே?"

"உங்ககிட்ட வேலை வேணாம். நாளைக்கு உங்களுக்குக் கோவம் வந்தா மறுபடியும் வெளிய போன்னுவீங்க. நான் அம்மணிகிட்ட வேலை பாக்குறேன். அவ போன்னா போறேன். உங்களுக்குப் பால் வேணும்னா குவளையோட வாங்க."

வேலிக் கம்பிகள் இரண்டைக் காலாலும் கையாலும் விலக்கினான். யாரிடமும் உத்தரவு கேட்காமல் குனிந்து உள்ளே நுழைந்தான். ஷெரிஃப் கூட்டத்தில்தான் நின்றார். வானத்தைப் பார்த்துக்கொண்டார். ரூஃபஸ் மாபரியின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, இன்னும் நகராமல் நின்ற அம்மணியின் மடியில் அவர் மிச்சம் வைத்திருந்ததைக் கறக்க உட்கார்ந்தான்.